கேட்டுப்போட்டுத்தான்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீடொன்றின் பின்னறையை நானும் அக்காவும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒரு யன்னல், இரண்டு கட்டில்கள், ஓர் அலுமாரி, ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறியைப் போடும் ஒவ்வொரு தடவையும் அக்கா என்னிடம் கேட்பார்.

“ஃபானைப் போடட்டோ?”

முதல் கிழமை அதை மரியாதை என்று நினைத்தேன். மூன்றாம் மாதமும் கேட்டபோது எரிச்சல் வந்தது. கொழும்பு வெக்கையில் வியர்வை வழிய நின்றுகொண்டு, ‘ஓம்’ என்பதைத் தவிர வேறு பதில் வரமுடியாத கேள்வியைக் கேட்டுவிட்டு, சுவிச்சில் விரலை வைத்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“நான் வேண்டாமெண்டு சொன்னா என்ன செய்வீங்கள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“போடமாட்டன்.”

“சரி, வேண்டாம்.”

அக்கா கட்டிலில் போய் இருந்து, கையிலிருந்த புத்தகத்தாலேயே விசிறிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். முகத்தில் ஒரு கோபதாபமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வெக்கை தாங்காமல் நானே எழும்பிப் போய்ப் போட்டேன்.

அவர் என் கூடப்பிறந்தவர் அல்ல. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அதனால் அக்கா. கொழும்பில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அவர் உதவி நூலகர். நான் அங்கேயே பட்டியலாக்கப் பிரிவில் வேலை செய்தேன். காலையில் ஒரே பஸ்ஸில் போய்ப் பின்னேரம் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். பஸ்ஸிலும் இதே கதைதான். பக்கத்தில் இருப்பவரிடம், “மெத்தன இந்தகன்ன புளுவன்த?” என்று, இதில் இருக்கலாமா என்று, சிங்களத்தில் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். பக்கத்தில் இருப்பவர் நித்திரை என்றால் அக்காவால் கேட்க முடியாது. கேட்க முடியாததால் இருக்கவும் முடியாது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி எல்லாம் கடந்து, ஒரு வெறும் இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வருவார். நான் யன்னலோரம் இருந்து தலையில் அடித்துக்கொள்வேன்.

வீட்டுக்கார அன்ரியின் பேத்திக்கு அப்போது மூன்று வயது. ஒருநாள் அவளுடைய பந்து உருண்டு வந்து அக்காவின் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, “பந்தை எடுத்துத் தரட்டோ?” என்று கேட்டார். அந்தக் குறும்புக்காரி “வேண்டாம்” என்றாள். அவ்வளவுதான். அவளே தவழ்ந்து போய் எடுக்கும்வரை அந்தப் பந்து அங்கேயே கிடந்தது. அக்கா அறையைக் கூட்டும்போதும் பந்தைச் சுற்றித்தான் கூட்டினார்.

அது சமாதானப் பேச்சு முறிந்து, சண்டை திரும்பவும் மூண்டிருந்த காலம். வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு பொலிஸ் பதிவு. காலி வீதியில் நூறு யார் தூரத்துக்கு ஒருதரம் அடையாள அட்டையை எடுக்க வேண்டும். எங்கே பிறந்தாய், ஏன் கொழும்புக்கு வந்தாய், எப்போது திரும்பிப் போவாய்? அந்த நாள்களில் எங்களிடம் கேள்வி கேட்காத ஆள் இல்லை. அனுமதி கேட்ட ஆள்தான் இல்லை.

ஒருநாள் விடியற்காலையில் எங்கள் மாடிக்குத் தேடுதலுக்கு வந்தார்கள். இரண்டு ஆமிக்காரரும் ஒரு பொலிஸ்காரரும். அன்ரி பதிவுத் தாளைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். அலுமாரி, மெத்தை எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, இருவரில் இளையவன் என் கட்டிலுக்குக் கீழிருந்த சூட்கேசை இழுத்தான். அதற்குள் ஒன்றுமில்லை. உடுப்பு, அம்மாவின் படம் ஒன்று. அப்போது அக்கா சிங்களத்தில், மிகச் சாதாரணமான குரலில் சொன்னார்:

“மல்லி, ஏக்க எயாகே. எயாகென் அஹலா அரின்ன.”

தம்பி, அது இவருடையது, இவரைக் கேட்டுவிட்டுத் திற என்று. பொலிஸ்காரர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பெடியன், மீசை சரியாக அரும்பாத முகம், சூட்கேசின் மேல் கையை வைத்தபடி ஒரு கணம் குழம்பினான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “நங்கி, அரின்னத?” என்றான்.

தங்கச்சி, திறக்கட்டுமா?

பயத்தில் எனக்குச் சிங்களம் மறந்துவிட்டது. “ஓம்” என்றேன். அது அவனுக்கு விளங்கியது. திறந்து, மேலாகப் பார்த்து, மூடி, சூட்கேசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியும் விட்டான்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு அன்ரி பிடித்துக்கொண்டார். “உமக்கென்ன விசரோ? அவங்கள் எல்லாரையும் ஏத்திக்கொண்டு போயிருந்தா?”

“அவன் கேட்டவன்தானே அன்ரி,” என்றார் அக்கா.

அன்று பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கற்களில் போய் இருந்தோம். எங்கே பழகினீர்கள் இந்தப் பழக்கத்தை என்று கேட்டேன். அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஊரில எங்கட வீட்டில இப்ப ஆரோ இருக்கினமாம்,” என்றார். “அப்பாவின்ர சாய்மனைக் கதிரையில, அம்மாவின்ர குசினியில. இருக்கட்டும். வீடெண்டால் ஆரும் இருக்கத்தானே வேணும். ஆனா ஒருத்தரும் எங்களிட்டக் கேக்கேல்ல.” அதற்குப் பிறகு ஃபானைப் பற்றி நான் பகிடி பண்ணவில்லை.

நூலகத்தின் மேல்மாடியில் ஓர் அறை நிறைய ஆய்வேடுகள் இருந்தன. கறுப்பு மட்டை, முதுகில் பொன்னெழுத்து. எழுதியவரையும் பரீட்சித்தவரையும் தவிர வேறெவரும் விரித்திராதவை அவற்றில் பல. அவற்றை ஸ்கான் செய்து இணையத்தில் ஏற்றுவது, உலகத்தில் எவரும் எங்கிருந்தும் காசில்லாமல் வாசிக்கும்படி வைப்பது என்று ஒரு திட்டம் வந்தது. வெளிநாட்டு உதவி கொஞ்சம் கிடைத்திருந்தது. ஒரு சேர்வர், ஒரு ஸ்கானர், இரண்டு கணினிகள். திறந்த ஆய்வுக் களஞ்சியம் என்று தமிழில் சொல்லலாம். நாங்கள் ‘ரிப்போசிற்றரி’ என்றுதான் சொன்னோம். பொறுப்பு அக்காவிடம் வந்தது. நான் அவருக்குத் துணை.

முதல் கூட்டத்தில் பிரதம நூலகர் ஆங்கிலத்தில் விளக்கினார். சிங்களவர், அமைதியான மனிதர், ஓய்வுபெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. ஆய்வேடுகள் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பிக்கப்பட்டவை, யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை, நாளைக்கே ஸ்கான் பண்ணத் தொடங்கலாம் என்றார். அக்கா கையை உயர்த்தினார். எனக்குத் தெரிந்துவிட்டது, இனி என்ன வரப்போகிறதென்று.

“எழுதியவர்களிடம் கேட்க வேண்டாமா, சேர்?”

“கேட்டால் சிலர் வேண்டாமென்பார்கள்.”

“அப்படியென்றால் அவற்றைப் போட வேண்டாம்.”

பிரதம நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனையோ பேர் நாட்டிலேயே இல்லை. இதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் தெரியுமா?”

“அறைக்குள் இருக்கிறவரைக்கும் வாசலில் நாங்கள் இருக்கிறோம், சேர். யார் எடுக்கிறார்கள் என்று தெரியும். இணையத்தில் போட்டால் வாசலே இல்லை. தன்னுடைய எழுத்து அப்படி வெளியே நிற்கிறதென்று எழுதியவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.”

அக்காவின் பேச்சுக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. ஆனால் அது உரத்து வராது. இரண்டு கூட்டங்கள் கழித்துக் குழு அதை விதியாகவே எழுதியது: எழுதியவரின் கையொப்பம் இல்லாமல் எந்த ஆய்வேடும் ஏறாது, எழுதியவர் இறந்திருந்தால் உரித்தாளரின் கையொப்பம் வேண்டும்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் கொழும்பெல்லாம் அலைந்தோம். பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும், ஒரு பையில் படிவங்களோடு. விசாவுக்காக லொட்ஜ்களில் காத்திருந்த முன்னாள் விரிவுரையாளர்கள், பொரளையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஒருவர், தெஹிவளையில் மகளோடு இருந்த ஒருவர். வெளிநாடு போனவர்களுக்கு மின்னஞ்சல். மற்றப் பல்கலைக்கழகங்கள் அலுமாரி அலுமாரியாக ஏற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டபோது, எங்களுடையதில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆய்வேடுகளே இருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. அக்காவுக்கு இல்லை.

அவரிடம் ‘இல்லை’ என்று சொல்வது மிகவும் சுலபம். பம்பலப்பிட்டியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எங்களை இருத்தி, கேக் துண்டு தந்து, பிறகு முழங்கினார். “நான் நாலு வரியம் காடுமேடெல்லாம் அலைஞ்சு எழுதினதை உலகத்துக்கு இனாமாக் குடுக்கவோ? எவனோ ஒருத்தன் தன்ர பேரில போட்டிட்டுப் பட்டம் எடுப்பான். ஏலாது!”

“சரி சேர்,” என்றார் அக்கா. “இந்தக் கேக் நல்லாயிருக்கு. இன்னுமொரு துண்டு எடுக்கலாமோ?”

படியிறங்கும்போது நான் வெடித்தேன். நாலு நியாயம் சொல்லியிருக்கலாம், பெயரோடு இணையத்தில் இருந்தால் களவெடுப்பதுதான் கஷ்டம் என்று விளக்கியிருக்கலாம் என்றேன். “அவர் கேட்டிருந்தா விளக்கியிருப்பன். அவர் கேக்கேல்ல, ஏலாதெண்டு சொன்னவர்,” என்றார் அக்கா. “ஏலாதெண்டு சொல்ல விடாட்டி, அதுக்குப் பேர் கேக்கிறதோ?”

சில மாதங்கள் கழித்து அதே பேராசிரியர் தன் ஆய்வேட்டின் சொந்தப் பிரதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். “நீர் திரும்பக் கேக்க வருவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீர் வரேல்ல,” என்று அக்காவைக் குற்றஞ்சாட்டினார். “கேக்காமல் போட்டிருந்தா நான் ஒரு சத்தம் போட்டிட்டு மறந்திருப்பன். கேட்டதால இவ்வளவு நாளும் யோசிக்க வேண்டிக்கிடந்தது. கொண்டாரும் படிவத்தை.”

எல்லாம் இப்படி முடிந்திருந்தால் இது ஒரு சந்தோசமான கதை.

எங்கள் பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளராக இருந்த ஒருவர், யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமங்களின் கிணற்று நீர் எப்படி உப்பாகிறது என்பதைப் பற்றி எழுதியிருந்தார். ஒரு வருடத்துக்கு முன், ஒரு பின்னேரம், பஸ் தரிப்பில் நின்ற அவரை ஒரு வெள்ளை வான் வண்டி வலுக்கட்டாயமாக ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. மனைவி கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். எல்லோருக்கும் அவர் ரீச்சர்.

ஒரு சனிக்கிழமை கோட்டைக்குப் போய் பஸ் மாறி, ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்கு மேலிருந்த அவருடைய வீட்டுக்குப் போனோம். கீழே நசநசவென்று சனம். மேலே நான்கைந்து பிள்ளைகள் பாயில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். ரீச்சர் அவர்களை அனுப்பிவிட்டு வெறும் தேநீர் தந்தார். மெலிந்த, நிமிர்ந்த பெண். அக்கா எல்லாவற்றையும் விளக்கிப் படிவத்தை நீட்டினார். ரீச்சர் அதை ஒரு வினாத்தாளை வாசிப்பதுபோல முழுவதும் வாசித்தார்.

“நான் எந்த இடத்தில வைக்கிறது கையெழுத்து?”

படிவத்தில் இரண்டு இடங்கள்தான் இருந்தன. ஒன்று எழுதியவர். மற்றது, எழுதியவர் இறந்திருந்தால், உரித்தாளர்.

“இதில வைச்சா அவர் இல்லையெண்டு நானே எழுதிக் குடுக்கிற மாதிரி,” என்றார் ரீச்சர். குரல் உயரவில்லை. “கம்பசில இருந்து அவற்ற சேமலாபக் காசை எடுக்கச் சொல்லி எத்தினையோ தரம் கேட்டவை. அதுக்கும் இப்பிடி ஒரு இடம் இருந்தது. நான் வைக்கேல்ல. இதுக்கு வைப்பனோ?” பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து, “ஏன் பிள்ளை கேட்டனீர்? கேக்காமல் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இராது,” என்றார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்,” என்று அக்கா படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

பஸ்ஸில் அக்கா பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார். அறைக்கு வந்ததும் முகம் கழுவாமல் கட்டிலில் இருந்தார். ஃபானைப் போடட்டுமா என்று அன்று அவர் கேட்கவில்லை, போடவுமில்லை. நான் போட்டேன். அதுகூட அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம். “அந்த விதியை எழுதேக்க, செத்த ஆக்கள், இருக்கிற ஆக்கள் எண்டுதான் யோசிச்சனான்,” என்றார் கடைசியாக. “இப்பிடியும் ஆக்கள் இருக்கினம் எண்டு யோசிக்கேல்ல. இந்த ஊரில இருந்துகொண்டு யோசிக்கேல்ல.”

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் ரீச்சர் தானாகவே வந்தார். வாசல் காவலாளி தொலைபேசியில் சொன்னதும் அக்கா ஓடிப்போய்க் கூட்டிவந்தார்.

“அவற்ற புத்தகத்தை ஒருக்காப் பாக்கலாமோ?” என்று கேட்டார் ரீச்சர். “கலியாணத்துக்கு முதல் எழுதினது. வீட்டில இருந்த பிரதி இடம்பெயரேக்க போயிட்டுது. நான் ஒருநாளும் வாசிக்கேல்ல.”

வாசிப்பு அறையில், யன்னல் பக்க மேசையில் அதை அவருக்கு விரித்து வைத்தோம். நன்றியுரையில் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நாங்கள் எட்டிப் பார்த்தோம். ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீரும் வந்தது.

“இஞ்ச பாரும். மேற்பார்வையாளருக்கு நன்றி, ஆய்வுகூட உதவியாளருக்கு நன்றி, சைக்கிள் தந்தவருக்கு நன்றி, கிணத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் பேர் பேரா நன்றி. இந்தா, எங்கட அப்பாவின்ர பேர். எங்கட அப்பா அந்தக் கிணத்தடிக்கு வந்ததே இல்லை! கிழமைக்குக் கிழமை இவர் போத்திலைக் கொண்டுவருவார், தண்ணி அள்ளிக் குடுத்தது நான். எனக்கு ஒரு நன்றி இல்லை.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப இவர் என்ர முகத்தைக்கூட நிமிந்து பாக்கமாட்டார். எங்க எழுதுறது!” என்றார்.

அவர் போகுமுன் என் மேசைப் பக்கம் வந்தார். கணினித் திரையில் அந்த ஆய்வேட்டுக்கான பட்டியல் பதிவு இருந்தது. கையொப்பம் கிடைக்காவிட்டாலும் பதிவை நான் செய்துவைத்திருந்தேன். ரீச்சர் குனிந்து பார்த்தார். கணவரின் பெயர், அதற்குப் பிறகு பிறந்த வருடம், ஒரு சிறு கோடு, பிறகு வெறுமை.

“இந்தக் கோடு என்ன?”

“உயிரோட இருக்கிற ஆக்களுக்கு அப்பிடித்தான் விடுறது, ரீச்சர்,” என்றேன்.

ரீச்சர் திரையில் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார். “இதை ஏத்தினா எங்க இருந்தும் பாக்கலாமோ?”

“ஓம் ரீச்சர்.”

“எந்த நாட்டில இருந்தும்?”

“ஓம்.”

“ஆரையாவது அடைச்சு வைச்சிருக்கிற இடத்தில இருந்து?”

வேறு யாராக இருந்தாலும் ஆறுதலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்கள். அக்கா, “அது எனக்குத் தெரியாது ரீச்சர்,” என்றார்.

ரீச்சர் தலையை ஆட்டினார். “அந்தப் படிவத்தைத் தாரும்,” என்றார். உரித்தாளர் என்ற சொல்லையும் அதன் முன்னிருந்த வரியையும் நேர்கோடாக வெட்டினார். பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுவதுபோல உருண்டை உருண்டையாக மேலே எழுதினார்: ‘அவர் வரும்வரைக்கும், அவருக்காக.’ கீழே கையெழுத்து வைத்தார்.

பிரதம நூலகர் அதை ஏற்கவில்லை. அவருக்கு நாங்கள் தமிழை மொழிபெயர்த்துச் சொன்னோம். கேட்டுவிட்டுப் படிவத்தை எங்கள் பக்கம் திரும்பத் தள்ளினார். “எனக்கு விளங்குகிறது. ஆனால் விதியில் இப்படி ஓர் இடம் இல்லை. அந்த விதி நீங்கள் கேட்டு எழுதியது,” என்றார். சட்டப் பிரிவும் அதையே சொன்னது. எழுதியவர் வரவேண்டும், அல்லது மரணச் சான்றிதழ் வரவேண்டும். அக்கா இன்னொரு தடவை போய்க் கேட்டார். அப்போதும் பதில் ‘இல்லை’தான்.

அக்கா ‘இல்லை’யை ஏற்றுக்கொள்ளும் விதத்தை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் “சரி சேர்” என்று சொல்லிக்கொண்டுதான் வெளியே வந்தார். வந்தவர் நேரே கணினிக்கு முன்னால் இருந்தார். ஸ்கான் செய்து வைத்திருந்த ஆய்வேட்டின் கோப்பைத் திறந்தார்.

“அக்கா, சேர் வேண்டாமெண்டவர்.”

“ஓம். எனக்கும் கேட்டது.”

“அப்ப?”

அக்கா விசையை அழுத்தினார். ஏற்றிவிட்டார். திரையில் பக்கம் விரிந்ததும், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். பிறகு எழும்பி, குழாயடிக்குப் போய் இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தார்.

சில நாள்களில் அழைப்பு வந்தது. நானும் கூடப் போனேன்.

“யாரைக் கேட்டு ஏற்றினீர்கள்?” என்றார் பிரதம நூலகர்.

“அவருடைய மனைவியைக் கேட்டேன், சேர்.”

“என்னைக் கேட்டீர்கள். நான் முடியாதென்றேன்.”

“ஓம், சேர். அது என் பிழைதான். நீங்கள் இப்போதே அதை எடுத்துவிடலாம். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.” அக்கா ஒரு துண்டுத் தாளில் ரீச்சரின் தொலைபேசி இலக்கத்தை எழுதி மேசையில் வைத்தார். “ஆனால் எடுப்பதென்றால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், சேர்.”

பிரதம நூலகர் அந்தத் தாளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தொலைபேசியை ஒருமுறை தன் பக்கமாக இழுத்தார். பிறகு திரும்பவும் தள்ளி வைத்துவிட்டு, எங்களைப் போகச் சொன்னார். அவர் ரீச்சருடன் கதைக்கவேயில்லை. ஆய்வேடும் இறங்கவில்லை. அக்காவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. இரண்டு வரி. அதை அக்கா நியாயம் என்றுதான் சொன்னார்.

ஒவ்வொரு ஆய்வேட்டையும் எந்தெந்த நாட்டிலிருந்து திறந்து பார்க்கிறார்கள் என்று அந்தக் களஞ்சியம் காட்டும். இதை ரீச்சரிடம் வாய்தவறிச் சொன்னது நான்தான். அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில், பள்ளிக்கூடம் விட்டதும், அவருடைய அழைப்பு அக்காவுக்கு வரும்.

“இந்தக் கிழமை எங்க இருந்து?”

“இந்தியாவில இருந்து ஒருத்தர் ரீச்சர். பிறகு, நெதர்லாந்தில இருந்து ஒருத்தர்.”

“நெதர்லாந்து.” அவர் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். “சரி பிள்ளை.”

சில கிழமைகளில் ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். “ஏதாவது ஒரு நாட்டின்ர பேரைச் சொல்லுங்கோவன் அக்கா,” என்று நான் கெஞ்சினேன். அக்கா சொல்லமாட்டார். “இந்தக் கிழமை ஒருத்தருமில்லை ரீச்சர்,” என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்தபின் அதிலேயே கையை வைத்துக்கொண்டு இருப்பார். “கேட்டது சரியோ பிழையோ எண்டு எனக்கு இப்பவும் தெரியேல்ல,” என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார். எனக்கும் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் வடக்கிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் ஒரு மாணவர். நூலகத்தின் முகவரிக்கு வந்திருந்தாலும் அது ஆய்வேட்டை எழுதியவருக்கு எழுதப்பட்டது. ‘மதிப்பிற்குரிய ஐயா,’ என்று தொடங்கியது. தான் கிணறுகளைப் பற்றி ஆராய்வதாகவும், கிராமங்களில் பாதிக்குத் தன்னால் போக முடியவில்லை என்றும், அவை இராணுவத்தின் முட்கம்பிக்கு உள்ளே இருப்பதாகவும் எழுதியிருந்தார். அந்தக் கிணறுகளின் அளவீடுகள் இப்போது இந்த ஆய்வேட்டில் மட்டுமே இருக்கின்றன. அவற்றை எடுத்தாள ஐயா அனுமதி தரவேண்டும் என்று கேட்டிருந்தார்.

அக்கா அதை அச்சடித்துக்கொண்டு அன்றைக்கே கொட்டாஞ்சேனைக்குக் கிளம்பினார். நானும் போனேன். ரீச்சர் வாசலிலேயே நின்று வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

“கேட்டு எழுதியிருக்கிறான், பாருங்கோ,” என்றார். “அவரிட்டயே கேட்டு.” தாளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தார்.

“என்ன எண்டு பதில் எழுதட்டும் ரீச்சர்?” என்று அக்கா கேட்டார்.

“ஐயா இப்ப வெளியில எண்டு எழுதும். ஓம் எண்டு சொன்னவர் எண்டு எழுதும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “பங்குனிக்குப் பிறகு எடுத்த அளவுகளைக் கவனமாப் பாக்கச் சொல்லும். பங்குனி பிறந்தா எங்கட பக்கத்துத் தண்ணி கரிக்கத் தொடங்கிடும். அது எனக்கு வாயாலயே தெரியும்,” என்றார்.

அக்கா அதை அப்படியே எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகும் ரீச்சரின் வெள்ளிக்கிழமை அழைப்புகள் வந்தன. ஆனால் எந்த நாடு என்று முதலில் கேட்பதை விட்டுவிட்டார். அந்தப் பெடியன் திரும்ப எழுதினவனோ என்றுதான் கேட்பார்.

சண்டை முடிந்தது. கிணறுகளைப் பற்றி எழுதியவர் வரவில்லை. ரீச்சர் இன்னும் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறார். திரையில் அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு வருடத்தையும் யாரும் எழுதவில்லை. நான் அந்த நூலகத்தில் இருக்கும்வரை எழுதப்போவதுமில்லை. திட்டத்தின் உதவித்தொகை முடிந்தபோது களஞ்சியத்தில் எங்களுடைய ஆய்வேடுகள் மற்றவர்களுடையதைவிடக் குறைவாகத்தான் இருந்தன. ஒன்றையாவது இறக்கச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை.

அக்காவின் தம்பி நோர்வேயில் இருந்தார். நெடுங்காலமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் விசா கிடைத்தது. பயணத்துக்கு முதல் நாள்களில் அக்கா அறையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் தூக்கிப் பிடித்து, “இதை நீர் வைச்சிருக்கிறீரோ? இதை அன்ரிக்குக் குடுக்கட்டோ?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். எனக்கு அழுகை வந்ததால் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். விமான நிலையம் போக வான் வந்தது. கட்டிப்பிடித்தோம். போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அலுமாரியைத் துப்புரவாக்கும்போதுதான் கவனித்தேன். மேல்தட்டில் என்னுடைய கம்பளிச் சட்டை ஒன்று மடித்துக் கிடக்கும். முன்பு பண்டாரவளையில் சில காலம் வேலை செய்தபோது வாங்கிய தவிட்டு நிறச் சட்டை. கொழும்பில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. அது அங்கே இல்லை. சூட்கேசுக்குள், கட்டிலுக்குக் கீழே, அன்ரியின் அறையில்கூடத் தேடினேன். இல்லை.

அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தேன். அத்தனை வருடத்தில் அக்கா என்னிடம் கேட்காமல் எடுத்த ஒரே பொருள் அது.

மாரி தொடங்கியபோது நோர்வேயிலிருந்து அழைத்தார்.

“அங்க சரியான குளிரோ அக்கா?” என்று கேட்டேன்.

“ஓம்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா எனக்குப் பெரிசாத் தெரியேல்ல,” என்றார்.

நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.